எளாவூருக்குக் கிழக்கே... மீன் இருக்கும் தண்ணீரைத் தேடிய கதை

கயாக் என்ற ஒற்றையாள் படகில் ஏறி, ஆள் நடமாட்டம் இல்லாத சின்ன ஏரிகளையும் ஓடைகளையும் தேடிப் போய்த் தூண்டில் போடுவது இன்று வெளிநாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. நம் ஊரிலும் மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கிறது. "எந்தத் தண்ணீரில் மீன் இருக்கும்?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. செயற்கைக்கோள் படம், ஆழம் காட்டும் கருவி என்று அதற்குப் பல வழிகள் இருக்கின்றன.

இந்தக் கேள்விக்குச் சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி வட்டத்தில் பல தலைமுறைகளுக்கு முன்பே பதில் இருந்தது. கூடவே ஒரு கடினமான கேள்வியும் இருந்தது. மீன் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், அங்கே யார் வலை போடுவது?

எளாவூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நெடுஞ்சாலைச் சோதனைச்சாவடியும் கூடூர் செல்லும் ரயில் பாதையும்தான். அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. பெயர்தான் ஏரி, உண்மையில் அது கடலோடு சேர்ந்த உப்பங்கழி. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்பகுதி தமிழ்நாட்டில். தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளாங்கி ஆறும் நன்னீரைக் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. பெரிய படகுக்கு இங்கே வேலையில்லை. கொம்பை ஊன்றித் தள்ளிப் போகும் சிறு தோணிதான் சரி.

சரி, மீன் எங்கே இருக்கும்? நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில்! இதற்குக் காரணம் இறாலின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஏற்றத்தோடு காயலுக்குள் வந்து, ஆழமில்லாத சேற்றிலும் கடற்புல்லிலும் வளர்கின்றன. வளர்ந்ததும் வற்றத்தோடு மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும். அந்த நாட்களில் முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளில் மரக்கொம்பு நட்டு வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். மடவை, கொடுவா, நண்டு எல்லாவற்றுக்கும் இந்தப் போக்குவரத்துதான் உயிர். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கோடையில் ஏரி நீர் கடல்நீரைவிட உப்பாகிவிடும். குஞ்சுகள் உள்ளே வர வழியும் இருக்காது.

ஆங்கிலேயர்களுக்கும் இந்த மாவட்டத்து நீர்நிலைகள் மேல் ஒரு கண் இருந்தது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய எச்.எஸ். தாமஸ் என்ற அதிகாரி 1873-ல் இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். 1887-ல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொரு நூல் எழுதினார். அவர்களுக்கு அது விளையாட்டு. ஏரிக்கரை மக்களுக்கோ அது வருமானம். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே 'பாசிப்பாட்டம்' என்று நீர்நிலை மீனுக்கான வரி வருகிறது. இன்றும் ஏரிகளில் 'மீன்பாசி ஏலம்' விடப்படுகிறது. அந்தப் பழைய பாசி இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்!

சென்னை மாகாண மீன்வளத்துறை 1907-ல் தொடங்கியது. அதில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1910 வாக்கில் பழவேற்காட்டில் ஆளி வளர்க்க முயற்சி செய்தார். இதே ஹார்னெல்தான் பிற்காலத்தில் இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதியவர். கயாக்குக்கு நம் ஊர்ச் சொந்தம் என்றால் கட்டுமரத்தைத்தான் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு பேர், நாலைந்து மரத்துண்டு, ஒரு கயிறு, ஒரு துடுப்பு. ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்ற சொல் இதிலிருந்துதான் போனது என்பது குறிப்பிடத்தக்கது.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். நல்ல ஓடைகள் சிலவே, வலைகளோ பல. முந்தியவருக்கே இடம் என்றால் தினமும் அடிதடிதான். இதற்குப் பழவேற்காட்டுப் பட்டினவர் சமூகம் கண்ட வழி 'பாடு' முறை. வலை கட்டும் இடங்களைப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைத்துக்கொண்டார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை சுமாரான இடத்துக்குப் போவார். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பாடு முறையை மீன்வள ஆய்வாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். காவல்துறையும் நீதிமன்றமும் இல்லாமல் ஊர்ப் பஞ்சாயத்தே இதை நடத்தி வந்தது.

ஆனால் இதை ஒரு பொற்காலக் கதையாக மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். பாட்டு உரிமை அந்தச் சமூகத்தின் திருமணமான ஆண்களுக்கே. மற்றவர்கள் வெளியே. அதே ஏரியில் இருளர் மக்கள், பெண்கள் உட்பட, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை, முறைச்சீட்டும் இல்லை. எந்தச் சேற்றில் இறால் பதுங்கும் என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு எந்தப் பஞ்சாயத்திலும் இடம் ஒதுக்கப்படவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக மாறியது. நைலான் வலை வந்தது. இறால் ஏற்றுமதியால் விலை ஏறியது, வலைகளும் பெருகின. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், 2001-ல் துறைமுகம். மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் கறுத்துப் போனது. அன்று அங்கே நல்ல ஓடை எது, மோசமான ஓடை எது என்ற வித்தியாசமே இல்லாமல் போனது.

நாளை யாராவது ஒரு கயாக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு எளாவூர் பக்கம் வரலாம். அவர் கையில் இருக்கும் வரைபடத்தில் அந்த ஓடைகள் எல்லாம் வெறும் நீல நிறக் கோடுகளாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முறை உண்டு, ஒரு குடும்பம் உண்டு, உரிமை கிடைக்காத ஒரு இருளர் குடியிருப்பும் உண்டு. தூண்டில் போடுவதற்கு முன்னால், "இன்று இங்கே யாருடைய பாடு?" என்று கரையில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

மீன் இருக்கும் தண்ணீரை ஒருநாளில் கண்டுபிடித்துவிடலாம். அந்தத் தண்ணீரில் மீன் தொடர்ந்து இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் தலைமுறைகளின் வேலை.