காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலும் மூன்று தெரிவிகளும்

காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலை இணையப் பக்கமாக்கினால், வயதான தாயும் கைத்தொலைபேசியில் அதை வாசிக்க முடியவேண்டும். அதற்குச் சிஎஸ்எஸ்ஸில் மூன்று தெரிவிகள் போதும்.

குறிச்சொல் தெரிவி: பந்தியின் குறிச்சொல்லை எழுதினால் எல்லாப் பந்திகளும் மாறும். 'கீ', 'மூ' போன்ற எழுத்துகள் நெருங்காதிருக்க வரி உயரத்தை 1.6 ஆக வையுங்கள்.

வகுப்புத் தெரிவி: புள்ளியுடன் தொடங்கும். '.பெயர்' என்ற விதி, அந்த வகுப்பு இடப்பட்ட பெயர்களை மட்டும் பெரிதாக்கும். வகுப்பின் பெயர் தமிழிலும் இருக்கலாம்.

அடையாளத் தெரிவி: '#' உடன் தொடங்கும். '#வலிகாமம்' என்ற அடையாளத்தை ஒரு பக்கத்தில் ஒருமுறையே இடவேண்டும். '#தென்மராட்சி'க்கு வேறு விதி.

விதிகள் முரண்பட்டால் அடையாளம் வகுப்பை வெல்லும். வகுப்பு குறிச்சொல்லை வெல்லும். ஒரு பெயர் மட்டும் சிறிதாகத் தெரிந்தால், முதலில் இந்த வரிசையைப் பாருங்கள்.