கல்லைத் துளைத்த உளியின் கதை

நம் குடியிருப்பிலிருந்து விடுமுறைக்குத் தாயகம் செல்லும் குடும்பங்களில் பெரும்பாலானவை கர்ஜத் நிலையத்தைக் கடந்தே செல்கின்றன. அங்கே வண்டியை மலைமேல் ஏற்றுவதற்கு உதவி எஞ்சின்கள் பூட்டப்படுகின்றன. பின்னர் லோணாவளா வரையில் குகைக்குப் பின் குகையாக வருகின்றது. இருள் சூழுந்தோறும் குழந்தைகள் கூவி மகிழ்கின்றனர். பெரியோர் புளிச்சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்துக் காத்திருக்கின்றனர். இக்குகைகளை எவ்வாறு குடைந்தனர் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

போர்காட் எனப்படும் இம்மலைப் பாதையின் வேலை 1856-ஆம் ஆண்டில் தொடங்கி 1863-இல் நிறைவெய்தியது. அன்று அமைத்த பாதையில் 25 குகைகள் இருந்தன. 1861-ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 42,000 பேர் இம்மலைச் சரிவுகளில் உழைத்தனர். ஒப்பந்தக்காரரான சாலமன் டிரெட்வெல் என்னும் ஆங்கிலேயர் 1859-இல் வந்த சில வாரங்களிலேயே நோயுற்று இறந்தார். அவர் மனைவியார் ஆலிஸ் டிரெட்வெல் அம்மையார் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று நடத்தினார். இவ்விருவர் பெயரும் வரலாற்றில் நிற்கின்றன. வாந்திபேதியாலும் விபத்தாலும் மாண்ட ஆயிரக்கணக்கான கூலிகளின் பெயர்களோ எங்கும் இல்லை.

அவர்கள் கையிலிருந்த கருவி இரும்புக் கம்பியும் சம்மட்டியுமே. ஒருவன் கம்பியைப் பாறையில் நிறுத்திப் பிடிப்பான். மற்றொருவன் சம்மட்டியால் அடிப்பான். ஒவ்வோர் அடிக்கும் பின்னர்ப் பிடித்தவன் கம்பியைச் சற்றே திருப்ப வேண்டும். திருப்பாவிடின் கூர் விழுந்த இடத்திலேயே மீண்டும் விழும். துளை வட்டமாகாது, கம்பியும் சிக்கிக்கொள்ளும். துளை ஆழமானதும் வெடிமருந்தைத் திணித்துத் திரி கொளுத்திவிட்டு ஓடுவர். சஹ்யாத்திரியின் கருங்கல்லோ எரிமலைக் குழம்பு உறைந்து இறுகியது. அதில் ஒரு வேட்டுக் குழி போடுவதற்குள் கம்பி நுனி பன்முறை மழுங்கும். மழுங்கியதைக் கொல்லன் உலையில் காய்ச்சித் தட்டித் தோய்ச்சல் போட்டுத் தருவான். தோய்ச்சல் மிகுந்தால் நுனி சிதறும், குறைந்தால் மடங்கும். மலை குடைந்த பெருமையில் பாதி அந்தக் கொல்லனுக்கு உரியது என்பது என் கருத்து.

இதே காலத்தில் ஐரோப்பாவில் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையைக் குடையும் வேலை 1857-இல் தொடங்கியது. மோன் செனி குகை எனப் பெயர் பெற்ற அது 12 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. தொடக்கத்தில் அங்கும் கைச் சம்மட்டிதான். ஒரு முகப்பில் நாளொன்றுக்கு ஒரு முழங்கூட முன்னேற இயலவில்லை. மலை மிக உயர்ந்ததாகையால் இடையிடையே மேலிருந்து கிணறு வெட்டி இறங்கவும் வழியில்லை. இரு முனைகளிலிருந்து மட்டுமே குடைய வேண்டும். நீராவிப் பொறியை உள்ளே கொண்டுசென்றால் புகையில் ஆட்கள் மடிவர். ஜெர்மேன் சொமெய்யே என்னும் பொறியாளர், மலை ஓடைகளின் விசையால் காற்றை அழுத்திக் குழாய் வழியே உள்ளே செலுத்தி, அக்காற்றினால் துளையிடும் பொறியை இயக்கினார். 1861-இல் அது இத்தாலியப் பக்கத்தில் வேலை தொடங்கியது. பொறியை ஓட்டிய காற்றே வெளிவந்து தொழிலாளருக்கு மூச்சுக் காற்றும் ஆயிற்று. துளைக்குள் நீரைப் பீய்ச்சிக் கல்தூளைக் கழுவி வெளியேற்றவும் அவர் வழி செய்திருந்தார். 25 ஆண்டுகள் பிடிக்கும் என்ற வேலை 14 ஆண்டுகளில் முடிந்தது. 1871 செப்டம்பரில் குகை திறக்கப்பட்டது. சொமெய்யே அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே காலமானார். அதன்பின் லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வரும் தபால் இக்குகை வழியாகவே பிரிண்டிசி துறைமுகத்தை அடைந்து கப்பலேறியது.

சம்மட்டி பிடித்த கைக்குப் பதிலாகக் காற்று வந்ததும் தொல்லை தீர்ந்தது என எண்ணலாகாது. சரக்குக் கணக்கில் இரும்புக் கம்பியை எடையாக மட்டுமே எழுதிப் பழகிய என் போன்றோருக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்குவதில்லை. பொறி எவ்வளவு வலிதோ அவ்வளவு விரைவில் நுனி மழுங்கும். மழுங்கும்போது கூர் மட்டுமன்று, அகலமும் தேயும். தேய்ந்த உளி போட்ட துளை அடியில் குறுகிவிடும். புதிய உளி அதற்குள் நுழையாது. ஆகவே முதலில் அகன்ற உளி, அடுத்து அதனினும் நீண்டு சிறிதே குறுகியது, அதற்கடுத்து மேலும் குறுகியது என வரிசையாக வைத்துக்கொள்ள வேண்டும். அடியில் மருந்துக்கு வேண்டிய அகலம் கிடைக்க, வாயில் தேவைக்கு மிஞ்சிய கல்லைக் குடைய நேர்ந்தது. வீணான உழைப்பு இது. மேலும், வெட்டுண்ட தூள் அடியிலேயே தங்கினால், உளி பாறையை அடிக்காமல் தூளையே மீண்டும் மீண்டும் இடித்துக்கொண்டிருக்கும். விரைவின் இரகசியம் சம்மட்டியின் பளுவில் பாதி. நுனியின் உறுதியிலும் தூளை அகற்றுவதிலும் மறுபாதி.

தூளை அகற்றும் வழியை அமெரிக்காவில் கொலராடோவைச் சேர்ந்த ஜார்ஜ் லேனர் 1890-களின் இறுதியில் செம்மைப்படுத்தினார். கம்பியின் நடுவே நெடுகத் துளையிட்டு, அதன் வழியே முதலில் காற்றைச் செலுத்தினார். துளை விரைந்து இறங்கியது. ஆனால் வெளியே பறந்த தூள்மண்டலத்தில் நிற்க எவரும் இசையவில்லை. பின்னர்க் காற்றோடு நீரையும் செலுத்தினார். தூள் சேறாகி வழிந்தது, நுனியும் குளிர்ந்தது, ஆளும் மூச்சுவிட முடிந்தது. உளிக்கு நன்மையானது உளி பிடித்தவனுக்கும் நன்மையாயிற்று.

அந்த நீரை நிறுத்தியோர் செய்த கொடுமையும் வரலாற்றில் உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்னுமிடத்தில் 1930-31-இல் நீர்மின் நிலையத்திற்காக ஒரு குகை குடைந்தனர். பாறை முழுவதும் சிலிக்கா. வேலை விரைய வேண்டுமென்று நீரின்றியே துளையிட்டனர். உழைத்தோரில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வெளியூரிலிருந்து வந்த கறுப்பின மக்கள். மிகச் சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கானோர் நுரையீரல் கல்லாகி மாண்டனர். 1936-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது, மாண்டவர் மீளவில்லை. நமக்கு அண்மையில் கோலார் தங்கவயலும் இதற்குச் சான்று. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பாறை துளைத்தனர். 2001-இல் சுரங்கம் மூடப்படும் வரையிலும், மூடப்பட்ட பின்னரும், சிலிக்கோசிஸ் என்ற சொல் அவ்வூர் வீடுகளில் மருத்துவர் சொல்லித் தெரியவேண்டிய சொல்லாக இருந்ததில்லை.

நுனியின் உறுதிக்கு வழி ஜெர்மனியிலிருந்து வந்தது. கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் 1923-இல் டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டுடன் கலந்து அழுத்திச் சுட்டுக் கடினமான பொருளொன்றை ஆக்கினார். க்ருப் நிறுவனம் அதனை 'விடியா' என்ற பெயரில் விற்றது. வைரம் போன்றது என்பது அதன் பொருள். ஆனால் அது கடினமே ஒழிய அடி தாங்குவதாக இல்லை, கண்ணாடிபோல் உடைந்தது. கோபால்ட்டின் அளவையும் கம்பியோடு பற்றவைக்கும் முறையையும் திருத்தித் திருத்தி, 1940-களில் சுவீடன் நாட்டார் அதனைப் பாறைக்கு ஏற்றதாக்கினர். நுனி தேயாததால் துளை அடிவரை ஏறத்தாழ ஒரே அகலமாயிற்று. சிறிய துளை போதுமாகவே இலேசான பொறி போதும். இலேசான பொறியை ஒரே ஆள் காற்றுக்கால் ஒன்றில் தாங்கி ஓட்டலாயினன். உலையடியும் கம்பிச் சுமையும் குறைந்தன. எண்ணெய்க் கிணற்றின் சுழலும் உளி வேறொரு கதை. 1909-இல் ஹியூஸ் என்பவர் பற்சக்கரக் கூம்புகளால் அதனை மாற்றினார் என்பதோடு இங்கு நிறுத்துகிறேன்.

எந்த உளியும் தானாக வேலை செய்வதன்று. மெல்ல அழுத்தினால் அது பாறைமேல் துள்ளும். மிக அழுத்தினால் சுழலாது திணறும். மழுங்கிய பின்னரும் வேலை வாங்குவது சிக்கனம் போலத் தோன்றும். அடியின் விசை நுனியில் செலவாகாமல் கம்பிக்கே திரும்பி, கம்பி முறியும். ஒரு நுனியை உரிய காலத்தில் சாணை பிடிக்கும் செலவைவிட முறிந்த கம்பியின் விலையும் நின்ற வேலையின் நட்டமும் பெரிது.

1970-களில் காற்றுக்குப் பதில் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் பொறிகள் வந்தன. குறைந்த ஆற்றலில் மிகுந்த விரைவு அவற்றுக்கு உண்டு. அத்தகைய பொறிகள் சுவீடனிலிருந்து கொங்கண் இரயில்வேக்கு வரவழைக்கப்பட்டன. போர்காட்டின் அதே சஹ்யாத்திரி மலைத்தொடர். 1990-இல் வேலை தொடங்கியது. ஏறத்தாழ 90 குகைகள். அவற்றுள் கர்புடே குகை மட்டும் 6.5 கிலோமீட்டர். கருங்கல்லை அப்பொறிகள் எதிர்பார்த்தபடியே வென்றன. ஆனால் கோவாவில் பெர்ணம் முதலிய சில இடங்களில் பாறையே இல்லை, நீரூறிய களிமண். வெட்ட வெட்டச் சரிந்தது. துளைக்கும் பொறி அங்கே பயன்படவில்லை. ஆட்கள் கைக்கருவிகளால் சிறிது சிறிதாக மண்ணெடுத்து, உடனுக்குடன் முட்டுக்கொடுத்து முன்னேறினர். அச்சரிவுகளில் உயிர்களும் போயின. பாதை முழுவதும் திறக்கப்பட்ட 1998 ஜனவரி வரையில், கடைசியாக முடிய வேண்டியிருந்த வேலைகளுள் ஒன்று அந்தப் பெர்ணம் குகையே.