மாதம் பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்

"நம்ம எம்.பி. நமக்கு என்ன செஞ்சாரு?" என்று கேட்காத வீடு பிறையில் உண்டா? அந்தக் கேள்வியோடு சுங்கை சிப்புட்வரை போய் வருவோம்.

பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் அது. 1919 ஜூன் 16-இல் அங்கே பிறந்தவர் துன் வீ.தி.சம்பந்தன். அவருடைய 29-ஆவது பிறந்த நாளன்றுதான் அதே வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் வந்தது.

சம்பந்தன் பால்மரம் வெட்டியவர் அல்லர். 1896-இல் மலாயா வந்து ரப்பர் பயிரிட்டு உயர்ந்தவரின் மகன். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பட்டதாரி. 1955-இல் ம.இ.கா. தலைவராகி அமைச்சரும் ஆனார். 1959 முதல் 1974 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர். 1973-இல் ஒரு நாள் தற்காலிகப் பிரதமராகவும் இருந்தார். நம்மவர்கள் அதிகம் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

பெரிது எது? சுதந்திரத்தை ஒட்டித் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. வெள்ளைக்கார முதலாளிகள் விற்றார்கள்; வாங்கியவர்கள் கூறு போட்டு விற்றார்கள். தொழிலாளிக்கு வேலை போனால் லயத்து வீடும் போகும். கோயிலும் பள்ளிக்கூடமும் தோட்ட நிலத்தில்தானே இருந்தன!

மகஜரை வாங்கிக்கொண்டு, "கவனிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், "நீங்களே வாங்குங்கள்" என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் 10 வெள்ளி கட்டி தொழிலாளி பங்குதாரர் ஆகலாம். அன்றாடக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு அது சின்னக் காசா? இருந்தும் கட்டினார்கள். மறு ஆண்டே, நமக்குப் பக்கத்து மாநிலமான கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவை.

துண்டாடல் அதோடு நின்றுவிடவில்லை. சங்கம் வாங்க முடியாத தோட்டங்களில் சனங்கள் மூட்டை கட்டத்தான் செய்தார்கள். சொந்தக் கட்சியிலும் நெருக்கடி முற்றி, 1973-இல் தலைமையை விட்டு விலகினார். 1979 மே 18-இல் மறைந்தார். சங்கம் மட்டும் இன்றும் இருக்கிறது.

நேயர்களே, வீட்டில் தாத்தாவின் பழைய தகரப்பெட்டி இருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். அவர் பெயரில் ஒரு பங்குப் பத்திரம் கிடந்தாலும் கிடக்கும்.