கோலார் மணல் மேடுகளில் எஞ்சிய பொன்

பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தருவதாகக் கூவிக்கொண்டு தெருவில் வந்த வியாபாரியை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். பொற்கொல்லர் பட்டறையில் கூட்டிப் பெருக்கிய குப்பையை விலைகொடுத்து வாங்கி, அதனை அலசிப் பொன் துகள் எடுத்துப் பிழைப்போரும் நம் நகரங்களில் உண்டு. ஒருமுறை பயன்பட்டதனால் உலோகத்தின் வாழ்வு முடிந்துவிடுவதில்லை என்பதை இவர்கள் ஏட்டுக் கல்வியின்றியே அறிந்திருக்கின்றனர். விஞ்ஞானமும் இதனையே கூறுகிறது. பழைய அலுமினியப் பாத்திரத்தை உருக்கி மீண்டும் உலோகமாக்குவதற்கு, தாதுவிலிருந்து புதிதாகப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே போதும். கழித்த பொருளிலிருந்து உலோகத்தை மீட்பதால் விளையும் பொருளாதார நன்மை, சுற்றுப்புறத்துக்கு உண்டாகும் நன்மை, அவற்றோடு வரும் பொறுப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே விளக்கக்கூடிய வரலாறு ஒன்று கோலார் தங்க வயலில் இருக்கிறது. அதனை இங்கு ஆராய்வோம்.

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் இரயில் பாதை 1894இல் அமைந்தது. அவ்வழியே செல்வோர் கண்ணுக்குச் சாம்பல் நிறமான மேடுகள் குன்றுகளைப் போலத் தோன்றும். அவை இயற்கை படைத்த குன்றுகளல்ல. பூமியின் அடியிலிருந்து தோண்டியெடுத்த கல்லைப் பொடியாக்கி, பொன்னைப் பிரித்த பின்னர், எஞ்சிய மணலைக் கொட்டிக் கொட்டி மனிதர் எழுப்பியவை. சயனைடு மேடுகள் என்று அவற்றை அழைப்பது வழக்கம்.

கழித்ததை மீண்டும் நாடுவது இவ்வயலுக்குப் புதிய செய்தியன்று. திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப்பின் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802இல், ஊரிகம், மாரிக்குப்பம் முதலிய இடங்களில் கிராமத்தார் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். 1875இல் மைக்கேல் லாவெல் என்பவர் மைசூர் சமஸ்தானத்தில் சுரங்கம் தோண்டும் உரிமையைப் பெற்றார். பின்னர் வந்த கம்பெனிகள் பெரும் பணத்தைச் செலவிட்டும் தொடக்கத்தில் ஆதாயம் காணவில்லை. கைவிடும் நிலையிலிருந்த மைசூர்ச் சுரங்கத்தில், 1880களில், பிளம்மர் என்பவர் பண்டைய மக்கள் தோண்டிக் கைவிட்ட பழங்குழிகளின் அடியைத் தொடர்ந்து சென்று, சாம்பியன் எனப் பெயர்பெற்ற பொன் நரம்பைக் கண்டார். முன்னோர் தங்கள் கருவிகளைக் கொண்டு செல்லக்கூடிய ஆழம் வரை சென்று நின்றுவிட்டனர்; அவர்கள் நின்ற இடத்திலிருந்து இவர் தொடங்கினார்.

இரண்டாவது திருப்பம் இரசாயனத்தால் நேர்ந்தது. ஆரம்ப நாளில், வரிசை வரிசையான இரும்பு உலக்கைகள் இயந்திர பலத்தால் கல்லை இடித்துத் தூளாக்கின. அத்தூளை நீருடன் கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டனர். பொன் பாதரசத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆயினும், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் மணலோடு சென்றுவிட்டன. 1887இல் கிளாஸ்கோ நகரில் ஜான் மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் ஒரு புதிய முறைக்குக் காப்புரிமை பெற்றனர். சயனைடு கலந்த நீரில் பொன்னைக் கரைத்து, துத்தநாகத்தின் உதவியால் அதனை மீண்டும் படியச் செய்வதே அம்முறை. 1890களில் அது கோலாருக்கு வந்தது. பயனற்றதென்று ஒதுக்கப்பட்டிருந்த மணல், பொன் தரும் தாதுவாக மாறிற்று. கழிவு என்பது பொருளின் குணமன்று, அக்காலத்துத் தொழில்திறனின் எல்லையே என்பது இதனால் தெளிவாகும்.

1902இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 92 மைல் தூரம் கம்பி வழியே மின்சாரம் வந்து சேர்ந்தது. சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கிற்று. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளரே இவ்வேலையின் பெரும் பாரத்தைத் தாங்கினர். 1956இல் மைசூர் அரசாங்கமும், 1962இல் மத்திய அரசாங்கமும் சுரங்கங்களை ஏற்றன. தொடக்க ஆண்டுகளில் டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் பொன் தந்த தாது, இறுதியில் மூன்று கிராம் அளவே தந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் பொன் இங்கிருந்து வெளிச்சென்றது. ஊருக்கு மிஞ்சியவை வேலையிழந்த குடும்பங்களும், சுமார் 3 கோடியே 30 இலட்சம் டன் மணலுமே.

இந்த மணலில் இன்னும் பொன் உண்டு. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவுதான். ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். டன்னுக்கு அரைக் கிராம் வீதம் மீட்டாலும் மொத்தத்தில் 16 டன்னுக்கு மேல் கிடைக்கும். புதிய சுரங்கத்தில் இவ்வளவு சொற்ப அளவுக்காக எவரும் பத்தாயிரம் அடி இறங்கமாட்டார். இங்கோ, கல்லைத் தோண்டும் செலவு, மேலே ஏற்றும் செலவு, இடித்துப் பொடியாக்கும் செலவு ஆகிய யாவும் முன்னரே தீர்ந்துவிட்டன. கற்பொடியால் விளையும் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இந்நாட்டில் இருப்பதை 1940களில் வெளிப்படுத்திய முதல் ஆய்வுகள் கோலார்த் தொழிலாளரிடையே நடந்தவை. ஆகவே அச்செலவைத் தீர்த்தவர் கம்பெனியார் மட்டுமல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.

சுற்றுப்புறக் கணக்கு வேறொன்று. மாவுபோல் அரைபட்ட மணலில் மரஞ்செடிகள் எளிதில் வேரூன்றுவதில்லை. காற்று வீசும் மாதங்களில் தூசி எழுந்து குடியிருப்புகளின்மேல் படிகிறது. மழைக் காலத்தில் மணல் கரைந்து தாழ்ந்த நிலங்களுக்கும் நீர்நிலைகளுக்கும் செல்கிறது. சுரங்கத்துக்குள் தந்தை சுவாசித்த தூசியை வீட்டு வாசலில் பிள்ளை சுவாசிக்க வேண்டியிருக்கிறது. மேட்டைக் கரைத்துப் பொன்னை எடுத்து, எஞ்சியதை அடிப்புறம் காப்பிட்ட இடத்தில் சேர்த்து, மண்ணிட்டு மூடிப் பசுமை வளர்த்தால், வருவாயோடு நிலமும் காற்றும் நமக்குத் திரும்பக் கிடைக்கும்.

இது வெறும் கற்பனையன்று. தென்னாப்பிரிக்காவில் ஜோகானஸ்பர்க் நகரைச் சுற்றிலும் கோலார் மேடுகளைவிடப் பன்மடங்கு பெரிய மேடுகள் இருந்தன. 1970களின் இறுதி முதல் அவற்றை நீரால் கரைத்துக் குழாய் வழியே ஆலைக்குக் கொண்டுசென்று பொன் எடுத்து வருகின்றனர். மேடு நீங்கிய நிலம் நகரத்துக்குப் பயன்படுகிறது. ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ருமேனியாவில் பாயா மாரே என்னும் ஊரில் பழைய சுரங்கக் கழிவிலிருந்து பொன் மீட்கும் ஆலை ஒன்று நடந்துவந்தது. 2000 ஜனவரி 30ஆம் நாள் அதன் அணை உடைந்து, சுமார் ஒரு இலட்சம் கன மீட்டர் சயனைடு நீர் ஆற்றில் பாய்ந்தது. ஹங்கேரி வழியே ஓடும் டிஸா நதியில் மீன்கள் திரள் திரளாக மடிந்தன. விஷம் டான்யூப் வரை சென்றது. கழிவை மீட்கும் தொழிலே புதிய கழிவைப் பெருக்கிவிட்டது. பாதுகாப்புக்கென ஒதுக்கும் பணத்தை வீண் செலவென்று எண்ணும் இடத்தில் இத்தகைய தொழிலைத் தொடங்காதிருத்தலே நன்று.

2024 ஜூன் மாதத்தில், கோலாரில் உள்ள 13 மேடுகளில், 1,003 ஏக்கர் பரப்பில் பொன் மீட்கும் வேலைக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. இவ்வேலையை மதிப்பிடும்போது, எத்தனை டன் பொன் வந்தது என்ற ஒரு கேள்வியோடு நின்றுவிடலாகாது. மேடு கரைந்தபின் அங்கே எஞ்சுவது யாது? அதனைக் காப்பவர் யார்? நீரின் தூய்மையை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பர்? வேலை வாய்ப்பில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பங்கு உண்டா? வேலை தொடங்குவதற்கு முன்னரே இவற்றுக்கு விடை எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இரும்பு, செம்பு, அலுமினியம் ஆகியவற்றை மீட்கும் தொழில்களுக்கும் இவ்விதியே பொருந்தும். பழைய கைப்பேசிகள் ஒரு டன் சேர்ந்தால் அதில் நூறு கிராமுக்கு மேல் பொன் இருக்கும்; கோலார்த் தாது தன் இறுதி நாளில் தந்ததைவிட இது பன்மடங்கு அதிகம். அதனை முறையான ஆலையில் பிரித்தால் நாட்டுக்கு இலாபம். சந்தில் அமர்ந்து அமிலத்தில் தோய்த்து எடுத்தால், இலாபம் ஒருவருக்கும் நோய் அடுத்த வீட்டாருக்கும் போய்ச் சேரும். மீட்பின் பயனும் பாதுகாப்பும் ஒரே கணக்கேட்டில் எழுதப்படுமாயின், கோலாரின் சாம்பல் மேடுகள் அவ்வூர் மக்களுக்கு இரண்டாம் முறை செல்வம் தரக்கூடும்.