சின்ன எழுத்தில் ஒரு பெண் பெயர்



இந்த மலர் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பரிசுப் பட்டியலில் நம்ம பிள்ளை பெயர் இருக்கிறதா, வகுப்புப் படத்தில் முகம் தெளிவாய் விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பீர்கள். அது நியாயம். பார்த்து முடித்த பிறகு, மலரின் முதல் ஏட்டையோ கடைசி ஏட்டையோ திருப்பி, மிகச் சின்ன எழுத்தில் இருக்கும் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், எந்த ஊர் என்பது அதில் இருக்கும். அழகுக்காகப் போட்ட வரி அல்ல அது. சட்டம் போடச் சொல்லுகிற வரி. நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கேட்கிறது. இந்தியாவில் வெள்ளைக்காரர் ஆட்சி 1867-லேயே அப்படி ஒரு சட்டம் கொண்டு வந்துவிட்டது. எழுதியதில் ஏதாவது வில்லங்கம் என்றால் அரசாங்கம் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அதற்குத்தான் அந்த வரி.

அந்த வரியில் பெண்களின் பெயர் எப்படி வந்தது, வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்தக் கட்டுரையில் காண்போம். கடைசியில் நம்மைப் போன்ற ஒரு தேயிலை மலைக்கே வந்து சேருவோம். அதுவரை கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கதை லண்டன் மாநகரில் தொடங்குகிறது. அங்கே 18-ஆம் நூற்றாண்டில் புத்தகம் அச்சிடுவது ஒரு குடும்பத் தொழில். கீழே அச்சுக்கூடம், மேலே குடித்தனம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவது போலத் தலைகீழாய்க் கோக்க வேண்டும். மை தடவி, ஈரப்படுத்திய தாளை வைத்து, மர இயந்திரத்தின் பிடியைப் பலமாய் இழுத்து அழுத்த வேண்டும். தாளைக் கொடியில் உலர்த்தி, மடித்து, வரிசை தப்பாமல் அடுக்கித் தைக்க வேண்டும். இயந்திரத்தை இழுப்பது ஆண் வேலை. மடிப்பதும் தைப்பதும் பெரும்பாலும் பெண்கள் கையில். தொழில் கற்க வந்த பையன்களுக்குச் சோறு போடுவது, கணக்குப் பார்ப்பது, கடையில் நின்று விற்பது எல்லாம் வீட்டம்மாவின் வேலை. ஆனால் சின்ன எழுத்தில் வருவது வீட்டுக்காரர் பெயர் மட்டும்தான்!

ஒரு வழி மட்டும் திறந்திருந்தது. அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் வழக்கப்படி, புருஷன் இறந்தால் மனைவி தொழிலைத் தொடர்ந்து நடத்தலாம். அவர் இருந்த வரையில் வெளியே தெரியாத பெண்ணின் பெயர், அவர் போன மறுநாள் புத்தகத்தில் வந்துவிடும். மறுநாளே தொழிலை நடத்த முடிந்ததென்றால், அதற்கு முன்பு அத்தனை வருஷம் அந்தம்மா அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

மகள்களும் உண்டு. டேஸ் சோல் என்ற பெண் 1691-இல் தகப்பனாரின் அச்சுக்கூடத்தை ஏற்றார். எழுத்துக் கோப்பதில் கெட்டிக்காரி என்று அந்நாளிலேயே பெயர் வாங்கியவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் நூல்களை அச்சிட்டு, 1749-இல் இறக்கும் வரை அந்தத் தொழிலிலேயே இருந்தார்.

அச்சிட்டதை விற்கிற உலகம் இன்னும் கடினமானது. பத்திரிகைகளையும் சிறு பிரசுரங்களையும் மொத்தமாய் வாங்கித் தெரு வியாபாரிகளுக்குப் பிரித்துக் கொடுத்தவர்களில் பெண்கள் நிறைய. தெருவில் கூவி விற்றவர்களிலும் அவர்கள் நிறைய. ஆன் டாட் என்பவர் டெம்பிள் பார் என்ற இடத்தில் கடை வைத்திருந்தார். எலிசபெத் நட் என்பவரும் அவரைப் போன்ற வியாபாரி. அரசாங்கத்தைக் குறை சொல்லும் ஏடுகளை விற்றதற்காக இருவரும் கைது, விசாரணை என்று அலைந்திருக்கிறார்கள். 1728-இல் அலெக்சாண்டர் போப் என்ற பெரும் கவிஞர், ஊரில் உள்ள எழுத்தாளர்களையெல்லாம் கேலி செய்து ஒரு நீண்ட கவிதை வெளியிட்டார். ‘டன்சியாட்’ என்று பெயர். அதில் தம் பெயரை அவர் போடவில்லை. முகப்பில் இருந்த பெயர் ஏ. டாட்! புகழ் வரும்போது கவிஞருக்கு, வழக்கு வரும்போது கடைக்கார அம்மாவுக்கு. எப்படி இருக்கிறது பாருங்கள் நியாயம்!

கடல் தாண்டி அமெரிக்காவில் இன்னொரு பெண். மேரி கேத்தரின் கோடர்ட், பால்டிமோர் நகரில் அச்சுக்கூடமும் பத்திரிகையும் நடத்தியவர். அமெரிக்க விடுதலைப் பிரகடனம் 1776-இல் வந்தது. கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு அது அச்சானது 1777 ஜனவரியில், இவருடைய அச்சுக்கூடத்தில்தான். அரசருக்கு எதிரான துரோகம் என்று பிடித்தால் உயிருக்கே ஆபத்தான காலம். வழக்கமாக எம். கே. கோடர்ட் என்று சுருக்கமாய்ப் போடுகிறவர், அந்தத் தாளின் அடியில் மட்டும் தம் பெயரை முழுசாய் அச்சடித்தார். நம் மாணவிகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் தமிழ் மக்களிடம் வருவோம்.

1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து ஊர் ஊராய்ப் பேசியவர் பெரியார் ஈ.வெ.ரா. உங்கள் தாத்தாமார் அவரைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவருடைய ‘குடி அரசு’ வார ஏடு 1925-இல் தொடங்கியது. 1933-இல் அதன் சின்ன வரியில் இருந்த பெயர் அவருடைய தங்கை எஸ். ஆர். கண்ணம்மாளுடையது. அந்த ஆண்டு அக்டோபர் 29-இல் வந்த தலையங்கத்தின் மேல் அரசாங்கம் இராஜ துவேஷ வழக்குப் போட்டது. எழுதியதற்கு அண்ணன், வெளியிட்டதற்குத் தங்கை. இருவருக்குமே சிறைத் தண்டனை. பேருக்குத் தங்கை பெயரைப் போட்டு வைத்திருந்தார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது. பேருக்குப் போட்டவரா சிறைக்குப் போவார்?

வை. மு. கோதைநாயகி அம்மாளின் கதை வேறு மாதிரி. 1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. கதை சொல்லுவதில் மட்டும் மகா கெட்டிக்காரி. சரளமாய் எழுத வராத காலத்தில் அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். அப்படிப் பிறந்த ‘இந்திரமோகனா’ நாடகம் 1924-இல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டே, நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை வாங்கி, தாமே ஆசிரியராய் இருந்து நடத்தத் தொடங்கிவிட்டார். எழுதிய நாவல்கள் 115. விடுதலைப் போராட்டத்தில் சிறை போனபோதும் எழுதுவதை விடவில்லை. யுத்த காலத்தில் குண்டு விழும் என்று சென்னையே காலியானபோது, பக்கத்துக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்து அங்கிருந்தும் பத்திரிகையை நடத்தினார். 1960-இல் காலமானார். இதை எழுதுகிறபோது எனக்கு அந்தத் தோழி பட்டம்மாள் நினைவுதான் அதிகம் வருகிறது. கோதைநாயகி நின்ற படியின் கீழே இன்னொரு பெண்ணின் கை இருந்திருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டோம். இலங்கை மலைநாடு. ஹட்டன், நுவரெலியா என்ற பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நம் மலையைப் போலவே குளிரும் பனியும், சரிவு முழுக்கத் தேயிலை. கொழுந்துக் கூடை, கங்காணி, லயம், துரை என்று எல்லாம் அங்கேயும் உண்டு. நம் முன்னோர் எந்த ஊர்களிலிருந்து இங்கே கப்பலேறினார்களோ, அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்துதான் அவர்களும் போனார்கள்.

அந்தத் தொழிலாளிக்குக் காகிதம் என்றாலே பயம். காரணம் ‘துண்டு’. இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதித் தரும் சீட்டுக்கு அந்தப் பெயர். அது இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. ஆளைக் கட்டிப்போட்டது கயிறு அல்ல, ஒரு காகிதம். துண்டு முறையை 1921-இல் சட்டம் ஒழித்தது. காகிதத்தைக் கண்டு ஒடுங்கிய அந்த மக்களிடம் வேறு வகைக் காகிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஒரு தம்பதியர்: கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும்.

நடேசய்யர் தஞ்சாவூர்க்காரர். வெளியாள் தோட்டத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல் என்று பிடிப்பார்கள் என்பதால், துணி வியாபாரி வேஷத்தில் உள்ளே போய் லயத்து வாழ்க்கையைப் பார்த்தவர். 1924-இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். (நம் நாட்டில் ‘தமிழ் நேசன்’ பிறந்ததும் அதே ஆண்டுதான். அது 2019 ஜனவரி வரை வந்தது.) 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். சட்டசபையிலும் உறுப்பினராய் இருந்தார்.

கூட்டம், சபை, வழக்கு என்று அவர் ஓடிக்கொண்டிருக்க, பத்திரிகை வேலை யாருக்காகவும் காத்திருக்காது. மீனாட்சி அம்மை தேசபக்தனின் ஆசிரியப் பொறுப்பில் பங்கெடுத்தார், பெண்களுக்காக எழுதினார். அதோடு நிற்கவில்லை. தோட்டப் பகுதிக் கூட்டங்களில் மேடையேறிப் பாடினார். பாரதியார் பாடல்களை அந்த மலைகளில் பலர் முதலில் கேட்டது அவர் குரலில்தான். ஒரு குடும்பப் பெண், ஆயிரம் பேர் முன்னால் நின்று தொண்டை திறந்து பாடுவதென்றால் அந்தக் காலத்தில் சும்மாவா? என்ன சொல்லியிருப்பாங்க என்று நம் பெண்மணிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு தாமே பாட்டுக் கட்டினார். காலம் அப்படி. 1931-இல் இலங்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. தோட்டத்து இந்தியர்களில் ஒரு பகுதியினரும் வாக்குச் சீட்டைக் கையில் பிடித்தார்கள். அது பலர் கண்ணை உறுத்தியது. 1939-இல் அரசாங்க வேலையில் இருந்த இந்தியத் தினக்கூலிகளை நிறுத்தத் தொடங்கினார்கள். இந்தியர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. தேயிலைக் காட்டில் பிறந்து வளர்ந்தவன் எந்த ஊருக்குத் திரும்புவான்? இந்தக் கேள்வியை மலேசியாவில் நாமும் கேட்டவர்கள்தானே; 1957-க்குப் பிறகு குடியுரிமைத் தாளுக்கு அலைந்த குடும்பங்கள் இந்த மலையிலும் உண்டு.

1940-இல் மீனாட்சி அம்மையின் பாடல்கள் இரண்டு பாகமாகப் புத்தகமாய் வந்தன. ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று தலைப்பு. தலைப்பைப் பார்த்தால் ஏதோ அரசாங்க அறிக்கை மாதிரி இருக்கிறது, இல்லையா? உள்ளே இருப்பதெல்லாம் பாட்டு! அந்தத் தலைப்பை வேண்டுமென்றேதான் வைத்திருப்பார் என்பது என் எண்ணம். துரைமார் அறிக்கை எழுதினால் அது ஆங்கிலத்தில் ஆபீஸ் அலமாரிக்குப் போகும். இந்த அறிக்கை லயத்துக்குப் போனது.

வரலாறு எழுதியவர்கள் நடேசய்யருக்கு நிறையப் பக்கங்கள் ஒதுக்கினார்கள். அது தகும். மீனாட்சி அம்மை நெடுங்காலம் அந்தப் பக்கங்களில் ‘அவருடைய மனைவி’யாக மட்டும் வந்து போனார். மலையகத்து ஆய்வாளர் சாரல் நாடன் போன்றவர்கள் தேடி எழுதிய பிறகே அவருக்கென்று தனி இடம் கிடைத்தது. நடேசய்யர் 1947-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. தொடர்ந்து வாக்கும் போயிற்று. அது முழுவதும் தீர 2003 வரை ஆயிற்று. அந்த அம்மை பாட்டில் எச்சரித்தது வெறும் கற்பனை அல்ல.

புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்ல மிச்சம் இருக்கிறது. அன்றைக்கு லயத்தில் எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. பெண்களில் மிகக் குறைவு. படிக்கத் தெரியாதவர்களுக்குப் புத்தகம் எதற்கு? மீனாட்சி அம்மை புது ராகம் எதையும் தேடவில்லை. மக்கள் ஏற்கெனவே வாயில் முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டுகளிலேயே பாட்டைக் கட்டினார். மெட்டு எல்லோருக்கும் தெரியும், சொல்தான் புதிது. இஸ்தோப்பில் விளக்கு வைத்து, பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி ஒருமுறை வாசித்தால் போதும். மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கிற நிரை முழுக்க அதைப் பாடலாம்.