விடை சொல்லும் கடமை

ரெஸ்பான்சிபிலிட்டி என்றதும் பொறுப்பு என்கிறோம். நம் சொல்லில் முதலில் தெரிவது சுமை. ஆங்கிலச் சொல்லின் வேரில் இருப்பதோ விடை. இலத்தீனில் 'ரெஸ்பான்டெரே' என்றால் மறுமொழி கூறுதல். அதனுள் அடங்கிய 'ஸ்பான்டெரே' வாக்குக் கொடுத்தல். ஸ்பான்சர் என்று இன்று சொல்கிறோமே, அதற்கும் இதுவே வேர்.

பழைய ரோமில் இந்த வாக்கு வெறும் பேச்சாக இருக்கவில்லை. 'தருவதாக வாக்களிக்கிறாயா?' என்று ஒருவர் கேட்க, அதே வினைச்சொல்லால் 'வாக்களிக்கிறேன்' என்று மற்றவர் விடை சொன்னால்தான் ஒப்பந்தம் செல்லும். தலையசைப்புப் போதாது. வாய் பேச இயலாதவரும் காது கேளாதவரும் இவ்வகையில் ஒப்பந்தம் செய்ய முடியாது என்கிறார் கி.பி. 2ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் கையுஸ். கொடுமையான விதிதான். ஆனாலும் கேட்பவரும் விடை சொல்பவரும் நேருக்கு நேர் நின்றாக வேண்டும் என்ற பிடிவாதம் அதில் தெரிகிறது.

ஆங்கிலத்தில் ரெஸ்பான்சிபிலிட்டி 18ஆம் நூற்றாண்டில்தான் வழக்கூன்றியது. அதை வளர்த்தது அரசியல். அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து 1788இல் வெளியான 'ஃபெடரலிஸ்ட்' 63ஆம் கட்டுரை, மக்களுக்கு அரசு விடை சொல்ல வேண்டிய கடமையை ஆராய்கிறது. அதை எழுதியவர் ஜேம்ஸ் மாடிசன் என்பது அறிஞர் பலரின் முடிவு. தன் அதிகாரத்துக்கு உட்பட்டவற்றுக்கு மட்டுமே ஒருவரைப் பொறுப்பாக்குவது நியாயம் என்கிறது அக்கட்டுரை. இந்தச் சொல்லைப் பற்றி நான் படித்தவற்றுள் இதைவிடக் கூர்மையான கருத்து வேறில்லை.

அந்த உரைகல் நமக்கும் பொருந்தும். இந்தியாவில் படிப்படியாகப் பொறுப்பாட்சி மலரும் என்று இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் எட்வின் மாண்டேகு 1917 ஆகஸ்ட் 20 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், மாகாணத் துறைகளை அமைச்சர்களுக்கும் ஆளுநர் தரப்புக்கும் பிரித்துத் தரும் இரட்டையாட்சியைத் தந்தது. 1920 டிசம்பரில் சுப்பராயலு ரெட்டியார் தலைமையில் சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சரவை பதவியேற்றது. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவற்றுக்கு அமைச்சர்கள் சட்டமன்றத்தில் விடை சொல்ல வேண்டும். நிதியும் போலீசும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே இருந்தன. அந்தக் குழுவைச் சட்டமன்றத்தால் நீக்க முடியாது. பள்ளி ஏன் இல்லை என்ற கேள்வி அமைச்சரிடம் வந்தது. பள்ளி கட்டும் பணத்தின் சாவி இன்னொருவர் கையில் இருந்தது.