உபாதையை யார் சுமப்பது? மூத்த முன்கள வீரரின் ஒப்பந்தம் வளர்ந்த வரலாறும் தீவகக் கழகங்களும்

அறிமுகம்

உதைபந்தாட்டத்தில் கோல் அடிப்பவருக்கே பெயரும் பணமும் அதிகம். எதிரணிப் பின்களத்தின் முரட்டு மோதல்களுக்கு அதிகம் ஆளாவதும் அவருடைய கால்கள்தான். 30 வயதை நெருங்கிய, அடிக்கடி உபாதைக்கு உள்ளாகும் முன்கள வீரர் ஒருவர் கழகத்தோடு புது ஒப்பந்தம் பேச உட்காரும்போது ஊதியத் தொகையை விடப் பெரிய கேள்வி ஒன்று அங்கே இருக்கும்: அவரால் ஆட முடியாமற்போகும் நாட்களின் செலவு யார் தலையில்?

அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தந்த விடையை இக்கட்டுரை தேடுகிறது. சுமார் 130 ஆண்டுகளில் அந்தச் செலவு வீரரின் குடும்பத்திடமிருந்து கழகத்துக்கும், கழகத்திடமிருந்து ஓரளவு உலக அமைப்பின் காப்புறுதிக்கும் கைமாறியிருக்கிறது. எழுத்திலான ஒப்பந்தம் இருந்த இடங்களில் மட்டுமே இந்த மாற்றம் நடந்தது. யாழ்ப்பாணத்தின் அல்லைப்பிட்டி முதல் நெடுந்தீவு வரையான தீவக மைதானங்களுக்கு அந்தத் தாள் இன்னும் வந்து சேரவில்லை என்பதே இவ்வரலாற்றை இங்கிருந்து எழுதக் காரணம்.

1. கழகமே எல்லாம்: 1885–1963

இங்கிலாந்தில் பணத்துக்கு ஆடுவது 1885இல் சட்டபூர்வமானது. 1893இல் லீக் கொண்டுவந்த தக்கவைத்தல் முறை வீரரின் கையைக் கட்டிப்போட்டது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவருடைய பதிவு கழகத்திடமே இருக்கும். கழகம் விடாமல் வேறு எங்கும் ஆட முடியாது. 1901இல் உச்ச ஊதியம் வாரத்துக்கு 4 பவுண் என வரையறுக்கப்பட்டது. 1961 ஜனவரியில் அந்த வரம்பு நீக்கப்பட்டபோதும் அது 20 பவுண்தான். இந்த முறையில் பேரம் என்ற ஒன்றே இருக்கவில்லை. வயது ஏறிய வீரரைக் கழகம் வைத்திருக்கலாம், விற்கலாம், வெறுமனே விட்டும் விடலாம்.

வரம்பு நீங்கியவுடன் புல்ஹாம் கழகத்தின் ஜொனி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண் பெறும் முதல் ஆங்கில வீரரானார். அடுத்த ஆண்டு, 1962 ஓகஸ்டில், பிளக்பூலில் நடந்த வாகன விபத்தில் அவருடைய முழங்கால் சிதைந்தது. அதன்பின் இங்கிலாந்து அணிக்கு அவர் ஆடவேயில்லை. புல்ஹாம் அவரைக் கைவிடாமல் 1970 வரை வைத்திருந்தது. அதே 1962இன் டிசம்பர் 26ஆம் திகதி சண்டர்லன்ட் கழகத்தின் பிரையன் கிளஃப் எதிரணிக் கோல் காப்பாளருடன் மோதி முழங்காலில் கடும் உபாதைக்குள்ளானார். தம் ஆட்ட வாழ்வில் மொத்தம் 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் அடித்த அவருக்கு அப்போது 27 வயது. மீண்டும் வந்து மூன்று ஆட்டங்கள் ஆடியதோடு அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது. ஒரே ஆண்டில் இரு முழங்கால்கள். ஒருவரைக் கழகத்தின் மனம் காப்பாற்றியது, மற்றவருக்கு ஆட்டமே போயிற்று. கழகத்தின் நல்ல மனத்தை நம்பி ஒரு வீரர் வாழ வேண்டியிருந்த காலத்தின் உண்மை நிலை அது.

1963இல், வீரர் ஜோர்ஜ் ஈஸ்தம் தொடுத்த வழக்கில் நீதிபதி வில்பர்போர்ஸ், தக்கவைத்தல் முறை தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுக்கிறது எனத் தீர்ப்பளித்தார். ஒப்பந்தம் என்பது இருதரப்பும் பேசி எழுதும் ஒன்று என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

2. உடைந்த காலிலிருந்து எழுந்த சங்கம்

தீவக மக்கள் பலர் குடியேறி வாழும் பிரான்சில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. அங்கே ஒருமுறை கையெழுத்திட்ட தொழில்முறை வீரர் 35 வயது வரை அதே கழகத்துக்குக் கட்டுப்பட்டவர். அதாவது அவருடைய முழு ஆட்ட வாழ்வும் கழகத்தின் சொத்து.

இதை எதிர்த்து 1961இல் வீரர் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரானவர் ஜுஸ்ட் ஃபொன்டேன். 1958 உலகக் கிண்ணத்தில் 13 கோல்கள் அடித்தவர்; ஒரே உலகக் கிண்ணத்தில் அத்தனை கோல்களை அவருக்குப் பின் எவரும் அடித்ததில்லை. 1960 மார்ச்சில் அவருடைய கால் முறிந்தது. தேறி வந்தபின், 1961இன் முதல் நாளில் அதே கால் மீண்டும் முறிந்தது. 1962இல், 28 வயதில், ஓய்வு பெற்றார். உலகின் தலைசிறந்த கோல் வீரர்களில் ஒருவர் உபாதையால் வீழ்ந்துகொண்டிருந்த அதே மாதங்களில் வீரர்களின் உரிமைக்கு அமைப்புக் கட்டினார் என்பது இவ்வரலாற்றில் அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி. 1963இல் பிரெஞ்சு வீரர் ரேமொன் கோப்பா, வீரர்களை அடிமைகள் என்று பகிரங்கமாகச் சொல்லித் தண்டனை பெற்றார். 1969இல் 35 வயது வரையான கட்டு அறுந்து, குறித்த கால ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

அடுத்த திருப்பம் பெல்ஜியத்தில். 1990இல் ஒப்பந்தம் முடிந்த ஜான்-மார்க் பொஸ்மனுக்கு லியேஜ் கழகம் மாதம் 120,000 பிராங்கிலிருந்து 30,000 பிராங்காகக் குறைத்துப் புது ஒப்பந்தம் நீட்டியது. மறுத்த அவரை மாற்றுப்பணம் இல்லாமல் வெளியே விடவும் இல்லை. 1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒப்பந்தம் முடிந்தவர் எந்தப் பணமும் இன்றி வேறு கழகம் போகலாம் என்றானது. இதனால் மிகுந்த பயன் கண்டவர்கள் மூத்த வீரர்கள். அவர்களை வாங்கப் புதுக் கழகம் விலை கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தின் ஒரு பகுதியை ஊதியமாகக் கேட்கும் வலு வீரருக்கு வந்தது.

3. இரு பேரங்கள்: ஓவனும் வான் பெர்சியும்

வலு வந்ததும் கழகங்களும் தங்கள் காப்பைத் தேடின. ஆர்சனல் கழகத்தில் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் 30 வயதைக் கடந்தவர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தமே என்ற வழக்கத்தைக் கைக்கொண்டார். டெனிஸ் பேர்க்காம்ப் அதை ஏற்று ஆண்டுதோறும் கையெழுத்திட்டு 2006இல் 37 வயதில் ஓய்வுபெற்றார். ரொபேர் பிரேஸ் ஏற்காமல் அதே ஆண்டு வில்லாரியல் போனார்.

இங்கிலாந்தின் முன்கள வீரர் மைக்கல் ஓவனின் 2009 ஒப்பந்தம் மற்றொரு வழியைக் காட்டியது. 2006 உலகக் கிண்ணத்தில் சுவீடனுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே அவருடைய முழங்கால் சவ்வு அறுந்திருந்தது. நியூகாசில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தபோது வயது 29. அவருடைய உடல்நிலையையும் சாதனைகளையும் விளக்கிச் சிறு நூல் ஒன்றை அச்சிட்டு முகவர்கள் கழகங்களுக்கு அனுப்பினார்கள். மன்செஸ்டர் யுனைடெட் அவரை எடுத்தது. அடிப்படை ஊதியம் குறைவு, ஆடும் ஆட்டங்களுக்கு ஏற்பக் கொடுப்பனவு என்ற ஏற்பாடாக அது அந்நாட்களில் அறியப்பட்டது. 2009 செப்டெம்பர் 20இல் மன்செஸ்டர் சிட்டிக்கு எதிராக 96ஆவது நிமிடத்தில் வெற்றிக் கோல் அடித்தார். 2010 பெப்ரவரி 28இல் லீக் கிண்ண இறுதியாட்டத்திலும் கோல் அடித்தார். அதே ஆட்டத்தில் தொடையின் பின்தசை கிழிந்து அந்தப் பருவகாலமே முடிந்தது. ஒப்பந்தத்தில் இருதரப்பும் கணக்குப் பார்த்த நன்மை, ஆபத்து இரண்டும் ஒரே மாலையில் வந்துவிட்டன. 2011இல் ஓராண்டு நீட்டிப்பு, 2012இல் விடுவிப்பு.

முன்கள வீரர் ரொபின் வான் பெர்சியின் கதை இன்னும் கற்பிக்கிறது. ஆர்சனலில் பல பருவங்களை உபாதைகளுக்குப் பறிகொடுத்தவர், 2012இல் ஒப்பந்தம் ஓராண்டே மிஞ்சியிருக்க, அதை நீட்டிக்கப்போவதில்லை என்று அறிவித்தார். 29 வயதை எட்டிய அவரை ஆர்சனல் விற்றது. மன்செஸ்டர் யுனைடெட் நான்காண்டு ஒப்பந்தம் கொடுத்தது. முதற் பருவத்தில் 26 லீக் கோல்கள் அடித்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். பிறகு உபாதைகள் திரும்பி வர, 2015இல் துருக்கிக்குப் போனார். நீண்ட ஒப்பந்தம் கொடுக்கத் தயங்கியவர்களின் அச்சமும் பொய்யில்லை, துணிந்து கொடுத்தவர்களின் கணிப்பும் பொய்யில்லை. மூத்த முன்கள வீரரின் ஒப்பந்தத்தில் நியாயமான விலை என்பது, அந்த ஆபத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்வதே.

4. பங்கிடும் விதிகள்

இந்தப் பங்கீட்டுக்கு உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபாவின் விதிகள் ஒரு கீழெல்லை வகுத்துள்ளன. வைத்தியப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனைக்கு அங்கே இடமில்லை. கையெழுத்திடுமுன் பரிசோதித்துக்கொள்வது கழகத்தின் பொறுப்பு. உபாதையைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிப்பது நியாயமான காரணமாக ஏற்கப்படுவதில்லை. இரண்டு மாத ஊதியம் நிலுவையானால் 15 நாள் அறிவித்தல் கொடுத்து வீரர் விலகலாம். வயதும் இங்கே கணக்கில் வருகிறது: 28 வயதுக்கு முன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குப் பாதுகாப்புக் காலம் மூன்று பருவங்கள், அதற்குப் பின் இரண்டு.

2006இல் உபாதைக்குள்ளான ஓவனின் முழங்காலுக்காக நியூகாசில் கோரிப் பெற்ற இழப்பீடும், மொரோக்கோவுக்கு ஆடி உபாதைக்குள்ளான அப்துல்மஜீத் ஊல்மேர்சுக்காக சார்ல்ரோவா கழகம் தொடுத்த வழக்கும் பீபாவை அசைத்தன. 2012இல் தொடங்கிய கழகப் பாதுகாப்புத் திட்டத்தின்படி, தேசிய அணிக்கு ஆடும்போது 28 நாட்களுக்கு மேல் முடங்கும் வீரரின் ஊதியத்துக்காக நாளொன்றுக்கு 20,548 யூரோ வரை, மொத்தம் 75 இலட்சம் யூரோ வரை கழகத்துக்குக் கிடைக்கும்.

இவை அனைத்தும் ஒரு வாசலுக்கு உள்ளே இருப்பவை. எழுத்திலான ஒப்பந்தமும், செலவுக்கு மேலான கொடுப்பனவும் உள்ளவரே பீபாவின் கணக்கில் தொழில்முறை வீரர். மற்றவர் எல்லோரும் பொழுதுபோக்கு வீரர்களே.

5. வேலை என்ற காப்பு

இந்தியாவிலும் இலங்கையிலும் நெடுங்காலம் ஒப்பந்தத்தின் இடத்தில் இருந்தது அரச உத்தியோகம். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயன் கேரளக் காவல்துறை அணியில் சேர்ந்துதான் வளர்ந்தார். பிறகு மோகன் பகான், ஜே.சி.டி., எப்.சி. கொச்சின் எனப் பல கழகங்களுக்கு ஆடினார். 1997இல் கேரளத்தின் முதல் தொழில்முறைக் கழகமாக எழுந்த எப்.சி. கொச்சின் பணமுடையால் சில ஆண்டுகளிலேயே நொடித்தது. விஜயனோ ஆட்டக்களம் விட்ட பின் காவல்துறைக்குத் திரும்பி, 2025இல் அதிகாரியாக ஓய்வுபெற்றார். கழகம் மறைந்தது, உத்தியோகம் நிலைத்தது. சென்னையின் ஐ.சி.எப்., தென்னக ரயில்வே அணிகளும், இலங்கையின் இராணுவ, கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளும் இதே வகை. கால் போனாலும் மாதச் சம்பளம் போகாது.

புதிய காலத்தில் அந்தக் காப்பு இல்லை. சென்னையின் எப்.சி. கழகத்தின் இரு இந்திய சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிண்ணங்களிலும் பங்குபெற்ற முன்கள வீரர் ஜெஜே லால்பெக்லுவா 2019இல் முழங்கால் சத்திரசிகிச்சைக்கு உள்ளாகி 2019–20 பருவம் முழுவதையும் இழந்தார். 2020இல் சென்னையை விட்டு ஈஸ்ட் பெங்கால் போனார். அங்கும் பழைய ஆட்டம் திரும்பவில்லை. 2023இல் மிசோரம் சட்டமன்ற உறுப்பினரானார். முப்பதைத் தாண்டியதுமே இரண்டாவது வாழ்வைத் தேட வேண்டியிருந்தது. அவருக்குப் பெயர் இருந்தது; பெயரில்லாதவர்களுக்கு எது இருக்கும் என்பதே கேள்வி.

6. தீவகத்தின் நிலை

பண்ணைப் பாலம் கடந்து மண்டைதீவுச் சந்தி தாண்டினால் வரும் அல்லைப்பிட்டி, 1990களின் தொடக்கத்திலும் 2006இலும் இடம்பெயர்ந்து சிதறிய ஊர். தீவகம் முழுவதற்கும் ஏறத்தாழ இதே கதைதான். ஊரே இல்லாத ஆண்டுகளில் கழகத்துக்குத் தொடர்ச்சி ஏது? போர்க்காலத்தில் படை அணிகளின் உத்தியோகக் கதவும் எம் இளைஞருக்கு நடைமுறையில் மூடியே இருந்தது. 2021இல் இலங்கையின் முதல் தொழில்முறைத் தொடரான சூப்பர் லீக் தொடங்கியபோது அதிலிருந்த 10 கழகங்களில் வடக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை.

ஆகவே தீவக வீரர் இன்றும் 1885க்கு முந்திய நிலையில் ஆடுகிறார். விடியலில் வள்ளம் தள்ளி வலை இழுப்பவர், மேசன் வேலைக்குப் போகிறவர், மாலையில் ஊர்க் கழகத்துக்குக் கோல் அடிக்கிறார். முழங்கால் சவ்வு அறுந்தால் தேறுவதற்கு ஆறிலிருந்து ஒன்பது மாதமாவது ஆகும். யாழ். போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இழந்த நாட்கூலியை யாரும் தருவதில்லை. மைதானத்தில் விழுந்தவரின் செலவை அவருடைய வீடே சுமக்கிறது.

புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் சீருடைக்கும் கிண்ணத்துக்கும் மனமுவந்து பணம் அனுப்புகின்றன. அந்த அன்பை நன்றியோடு சொல்ல வேண்டும். அதே பணத்தின் ஒரு பங்கு வீரரின் உடலுக்கும் போக வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முடிவுரை

உபாதையின் சுமை தானாக இடம் மாறியதில்லை என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ஈஸ்தமும் பொஸ்மனும் வழக்குத் தொடுத்தார்கள். ஃபொன்டேன் சங்கம் கட்டினார். ஒவ்வொரு தடவையும் வெற்றி ஒரு தாளில் எழுதப்பட்ட பிறகே நிலைத்தது.

தீவகக் கழகங்களுக்குப் பெரிய சட்டப் புத்தகம் வேண்டாம்; தமிழில் ஒரு பக்க உடன்படிக்கை போதும். எத்தனை காலத்துக்கு ஆடுவது, என்ன கொடுப்பனவு, உபாதை வந்தால் தேறும்வரை கழகம் எவ்வளவு தாங்கும், வயது வந்ததும் சிறுவரைப் பயிற்றும் பொறுப்பு அவருக்கு உண்டா என்ற நான்கு விடயங்கள் அதில் இருக்கட்டும். ஊர்ச் சங்கங்கள் அடுத்த சுற்றுப்போட்டியின் கிண்ணத்தை வாங்குமுன், அதில் ஆடப்போகும் வீரர்களுக்கு விபத்துக் காப்புறுதி எடுத்துக் கொடுக்கட்டும். எமது கழகச் செயலாளர்கள் இதை இந்தப் பருவத்திலேயே தொடங்க வேண்டும்.